சும்மா வந்தவர்கள்: மயிலாப்பூரில் ஒரு பங்குனிக் கண்காட்சியின் நிகழ்வு ஆய்வு

சில வருடங்களுக்கு முன் ஒரு பங்குனியில், மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்து ஒன்றில், ஆறு பேருடைய ஓவியங்களையும் சிற்பங்களையும் ஏழு நாள் காட்சிக்கு வைத்தோம். அந்த ஆறு பேரில் நான் இல்லை. அவர்கள் தூரிகையும் உளியும் பிடித்தார்கள். நான் இடம் பிடித்தேன், வண்டி பிடித்தேன், அப்புறம் ஆள் பிடித்தேன். மொத்தம் 41 படைப்புகள். இரண்டு அறை, ஒரு கூடம். முதல் நாள் திறப்பு விழாவுக்கு நல்ல கூட்டம். பஜ்ஜி தீர்ந்துபோய் இன்னொரு தடவை வாங்கி வரவேண்டியிருந்தது. இரண்டாம் நாள் வருகைப் பதிவேட்டில் 9 கையெழுத்து. அதில் 4 எங்களுடையது.

அந்த ஒன்பதிலிருந்து, ஆறாம் நாள் சாயங்காலம் எண்ணுவதையே விட்டுவிட்ட நிலைக்கு எப்படி வந்தோம் என்பதுதான் இந்த ஆய்வு. கோடை தொடங்கும் நேரத்தில் இதுபோல் கண்காட்சி வைக்க நினைக்கிற இரண்டு மூன்று குழுவினர் கேட்டதால் எழுதுகிறேன். வெற்றிக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். வரவு செலவைப் பின்னால் சொல்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் பங்குனி

சென்னையில் மார்கழியைச் சபாக்கள் எடுத்துக்கொள்கின்றன. தை பிறந்தால் புத்தகக் கண்காட்சி, பொங்கல், தீவுத்திடல் பொருட்காட்சி. பிப்ரவரித் தொடக்கத்தில் டெல்லியில் பெரிய கலைச் சந்தை கூடுகிறது. வாங்குகிறவர்களும் கேலரிக்காரர்களும் அங்கே போய்விடுவார்கள். கொச்சி பினாலே என்ற கலைவிழா நடக்கிற வருடங்களில் அது டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நீள்கிறது. இதெல்லாம் போக ஓவியர்களுக்கு மிஞ்சுவது மாசிக் கடைசியும் பங்குனியும்தான்.

இலக்கணப்படி பங்குனி பின்பனிக் காலம். சென்னையில் அந்தப் பனியைத் தேடுகிறவர் இருட்டிய பிறகுதான் தேட வேண்டும். மார்ச்சில் பகல் வெப்பம் சராசரியாக 33 டிகிரி வரை போகிறது. எண்ணாகப் பார்த்தால் பெரிதில்லை, கடல் ஈரம் சேரும்போதுதான் சட்டை முதுகில் ஒட்டுகிறது. இளவேனில் என்று நூல்கள் சொல்கிற சித்திரையும் வைகாசியும் வந்தால் நிலைமை இன்னும் மோசம். ஏப்ரல் 15 உலகக் கலை நாள், ஏப்ரல் 18 உலகப் பாரம்பரிய நாள், மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள். இந்தக் கடைசி நாளைச் சர்வதேச அருங்காட்சியக மன்றம் 1977-இல் அறிவித்தது. ஐரோப்பாவில் அது பூ பூக்கிற காலம். நமக்குக் கத்திரி வெயில். அந்த நாளில் அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிற ஆசிரியர்களைக் கும்பிடத்தான் வேண்டும்.

எங்களுக்கு அந்த வாரம் வாடகை கட்டுப்படியானது, அதனால் பிடித்தோம். ஏன் குறைவாகச் சொல்கிறார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. மயிலாப்பூரில் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் தேதி குறித்த ஒரே கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் மூன்றாம் நாள் எங்கள் திறப்பு விழா. எங்கள் கண்காட்சிக் கணக்கில் ஐந்தாம் நாள் தேர். ஆறாம் நாள் அறுபத்துமூவர். பொதுத்தேர்வு வேறு. ஆக, வண்டியில் வருகிறவர்களுக்குச் சாலை அடைப்பு, பிள்ளைகள் உள்ளவர்களுக்குப் பரீட்சை. இது தெரிந்த அன்று குழுவில் கொஞ்சம் சத்தம் எழுந்தது. அந்தச் சத்தம் முழுக்க என்னைப் பார்த்துத்தான்.

வீடும் சுவரும்

கேலரி என்று கட்டப்பட்ட இடமில்லை அது. பழைய வீடு. தேக்கு உத்திரம், மெட்ராஸ் டெரஸ் கூரை, தேய்ந்து மினுங்கும் சிவப்புத் தரை. வாசலில் இரண்டு பக்கமும் திண்ணை. ஆனால் திண்ணையைச் சுற்றிக் கம்பி கிரில் போட்டு, அதற்கும் முன்னால் தெருவோரம் இரும்புக் கேட் வைத்திருந்தார்கள். இந்த கிரில்லும் கேட்டும் பின்னால் முக்கியமாக வரும்.

மாட்டுவதற்கு ஒன்றரை நாள் ஆனது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலத்தில் இருக்க வேண்டும் என்பது கேலரிகளில் பொது வழக்கம். நிற்கிற ஆளின் கண்மட்டம் அது. எங்களில் மூத்தவரான சிற்பி சுவரைப் பார்த்துவிட்டு, "யாரு கண்மட்டம்? எங்கம்மாவுக்கு எட்டாது, எம்பேரனுக்கும் எட்டாது, எறக்குங்க தம்பி" என்றார். 54-க்கு இறக்கினோம். நூல் பிடித்து மாட்டினோம். கடல் நடந்து போகிற தூரத்தில் இருக்கிற வீடு என்பதால் சுவரில் எப்போதும் ஒரு ஈரம் உண்டு. ஒவ்வொரு சட்டத்தின் பின்மூலையிலும் சிறு கார்க் துண்டு ஒட்டி, சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்றுப் போக இடம் விட்டோம். காகிதத்தில் வரைந்தவற்றுக்கு இது இல்லாவிட்டால் பழுப்புப் புள்ளி விழ ஆரம்பித்துவிடும்.

மேற்கு ஜன்னல்தான் எங்களை ஏமாற்றியது. காலையில் பார்த்தபோது மென்மையான வெளிச்சம். நாலரை மணிக்கு வெயில் நேராக நீர்வண்ணப் படங்களின் மேல் வந்து விழுந்தது. காகிதப் படைப்புகளுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் அளவில் ஒளி இருக்கலாம் என்று அருங்காட்சியகங்கள் வைத்துக்கொள்கிற கணக்கு உண்டு. ஜன்னல் பக்கம் போனை நீட்டி அளந்தபோது எண் ஆயிரங்களில் ஓடியது. ஒருவர் வீட்டுக்குப் போய் எட்டு முழ வேட்டி கொண்டுவந்தார், மடித்துத் தொங்கவிட்டோம். பார்த்தவர்கள் அதுவும் ஒரு படைப்பு என்று நினைத்தார்கள். ஒருவர் விலை கேட்டார்.

வரும் வழியில் ஒரு சேதமும் நடந்தது. அக்ரிலிக் வண்ணம் சூட்டில் இளகும். பபுள் ராப்பை நேராகப் படத்தின் மேல் சுற்றி, குட்டியானை வண்டியில் ஏற்றி, நண்பகலில் அம்பத்தூரிலிருந்து கொண்டுவந்தோம். பிரித்தபோது ஒரு படத்தின் நீல வானம் முழுக்க வட்ட வட்டமாகக் குமிழ் அச்சு. வரைந்தவர் அன்று மதியம் சாப்பிடவில்லை. நடுவே வழுவழுப்பான கிளாசின் தாளை வைத்துவிட்டு அதற்கு மேல் குமிழ் உறையைச் சுற்றியிருக்க வேண்டும், குமிழ்ப் பக்கம் வெளியே பார்த்தபடி. வெயிலில் வண்டியை நிறுத்தி டீ குடித்திருக்கவும் கூடாது.

மூன்றாம் நாள், எதிர் டீக்கடை

கூட்டம் ஏன் வரவில்லை என்பதற்கு இரண்டாம் நாள் இரவு ஆளுக்கொரு காரணம் சொன்னோம். வெயில் என்றார் ஒருவர். நவீன ஓவியம் சனங்களுக்குப் புரியாது என்றார் இன்னொருவர். அவர் பதினைந்து வருடமாக அதையே சொல்கிறவர். விளம்பரம் போதாது என்றேன் நான். எல்லோரும் உள்ளே உட்கார்ந்துகொண்டு வெளியில் இருப்பவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வெறுத்துப்போய் எதிரே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலரையிலிருந்து ஆறு மணி வரை. திருவிழாக் கூட்டம் சந்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பேனரைப் பார்த்து நடையைத் தளர்த்தியவர்கள் 14 பேர். அதில் 6 பேர் கேட் வரை வந்தார்கள். உள்ளே போனது ஒரே ஒருவர்.

கேட்டில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் வைத்த வாட்ச்மேன். நல்ல மனிதர், முதல் நாளிலிருந்து எங்களுக்குத் தண்ணீர் கேன் தூக்கித் தந்தவர். யார் வந்தாலும் எழுந்து நின்று மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்:

"யாரப் பாக்கணும்?"

தோளில் சார்ட் உருளை மாட்டிய இரண்டு கல்லூரிப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "இல்லண்ணா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்கள். யூனிபாரம் போட்ட பையனோடு வந்த அப்பா, "ஒண்ணுமில்லீங்க" என்றார். கையில் கோயில் பிரசாதப் பையோடு வந்த மாமி பதில்கூடச் சொல்லவில்லை; தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். உள்ளே போன அந்த ஒருவர், எங்கள் சிற்பியின் பெயரைச் சொன்னவர்.

பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு ஒரு நோட்டு கொடுக்கப்பட்டிருந்தது. பேர், போன் நம்பர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம் என்று ஐந்து கட்டம். மூன்றாவது கட்டத்தை நிரப்பாமல் யாரையும் விடக்கூடாது என்பது சொந்தக்காரரின் உத்தரவு. 'சும்மா' என்பதை எழுத அதில் இடமில்லை. உள்ளே நாங்கள் வைத்திருந்த வருகைப் பதிவேடு தனி. அதில் கருத்து எழுத அரைப் பக்கம் விட்டிருந்தோம். அந்த அரைப் பக்கத்தை அடைவதற்கு முன்னாலேயே முதல் நோட்டு ஆளை வடிகட்டிவிட்டது.

என் கணிப்பு இதுதான்: படம் புரியாமல் யாரும் திரும்பிப் போகவில்லை. உள்ளே வரலாமா என்பது தெரியாமல்தான் போனார்கள்.

மற்ற இடங்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன

அன்று இரவு தூக்கம் வராமல் ஊரில் நான் போய் வந்த இடங்களை எல்லாம் இந்த ஒரு கேள்வியை வைத்து யோசித்துப் பார்த்தேன்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851-இல் தொடங்கியது. பழைய மெட்ராஸ்காரர்கள் அதற்கு வைத்த பெயர் செத்த காலேஜ். மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர் 1855-இல் முதலில் அந்த அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகங்களையும் வைத்திருந்தார், பிறகுதான் அவை பார்க் டவுனுக்குப் போயின. செல்லப் பெயர் வைக்கிற அளவுக்கு ஒரு இடம் சனங்களுடையதாக ஆகியிருக்கிறது என்றால் சும்மா வரலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்கும் காணும் பொங்கலன்று அங்கே போய்ப் பாருங்கள். வெண்கலக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் ஒரு பாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுவார். பேத்தி செல்ஃபி எடுப்பாள். அந்த நடராசரைப் புகைப்படத்தில் பார்த்துவிட்டு பிரெஞ்சுச் சிற்பி ரோதென் உருகி எழுதியது பாட்டிக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. அங்கே கட்டணம் உண்டு. நான் கவனித்த விஷயம், அந்தக் கட்டணம் தடையாக இல்லை என்பது. டிக்கெட் கையில் இருந்தால் யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்கமாட்டார்கள். இலவசம் என்று போட்டால்தான் சந்தேகம் வருகிறது. உள்ளே ஏதோ விற்கிறார்கள், பிடித்துக்கொள்வார்கள் என்று.

முட்டுக்காட்டு தட்சிணசித்ராவிலும் அப்படித்தான். 1996-இல் திறந்த இடம். தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். டிக்கெட் வாங்கிய பிறகு எந்த வீட்டுத் திண்ணையிலும் உட்காரலாம். ஈஞ்சம்பாக்கத்துச் சோழமண்டலம் வேறு மாதிரி. கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் பாத்திக் துணி செய்து விற்ற காசில் நிலம் வாங்கி 1966-இல் அமைத்த கிராமம் அது. எனக்குச் சென்னையில் மிகவும் பிடித்த இடம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் அவ்வளவு தூரம் யாரும் சும்மா போவதில்லை. போகிறவர்கள் பார்ப்பதற்கென்றே போகிறார்கள்.

கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாடமியில் கட்டணம் இல்லை. அந்தச் சாலையில் போகிறவர்கள் பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் அங்கே வந்து குளிர்ந்த கூடத்தில் அரைமணி நேரம் ஒரே படத்தின் முன் நின்றதைப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்த மிக நல்ல பார்வையாளர் அவர்தான்.

சென்னை போட்டோ பினாலே 2016-இல் தொடங்கியது. 2019-இல் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் ஒரு பகுதியை வைத்தார்கள். கட்டடக் கலைஞர் சிஸோம் கட்டி 1879-இல் முடித்த அந்தக் கட்டடத்தை மெரினாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தவர்கள் ஏராளம், உள்ளே நுழைந்தவர்கள் குறைவு. "கட்டடம் பாக்க வந்தோம்" என்று வந்தவர்கள் புகைப்படங்களையும் பார்த்துவிட்டுப் போனார்கள். சும்மா என்பதற்கு ஒரு கௌரவமான மாற்றுச் சொல் கிடைத்தது, அவ்வளவுதான்.

வாசலே இல்லாத கலையும் உண்டு. 2020-இல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. ஊரின் பல மூலைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் வாழ்கிற பகுதி அது. அங்கே படம் பார்க்கப் போகிற நம்மிடம்தான், "யாருங்க நீங்க, யாரைப் பாக்கணும்?" என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியதுதான். மெரினாவில் இருக்கும் உழைப்பாளர் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்து 1959-இல் வைத்தது. பஸ்ஸில் "சிலை எறங்கு" என்று கண்டக்டர் சத்தம் போடும்போது ஒரு சிற்பம் இதைவிடப் பெரிதாக என்ன சாதிக்க முடியும் என்று எனக்குத் தோன்றும். ராய் சௌத்ரி முதல்வராக இருந்த, 1850-இல் அலெக்சாண்டர் ஹன்ட்டர் தொடங்கிய கவின் கலைக் கல்லூரியில்தான் எங்கள் ஆறு பேரில் நான்கு பேர் படித்தார்கள்.

நான்காம் நாள் மாற்றியவை

சொந்தக்காரரிடம் போனில் பேசி, நோட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்று அனுமதி வாங்கினேன். தெருக் கேட்டை இரண்டு பக்கமும் விரித்துக் கயிறு போட்டுக் கட்டினோம். திண்ணை கிரில்லின் பூட்டைத் திறந்தோம். சாவி கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது, பல வருடமாகத் திறக்காதது. பெரியவரின் நாற்காலியைக் கேட்டிலிருந்து எடுத்துத் திண்ணையில் போட்டோம். "யாரப் பாக்கணும்னு கேக்காதீங்கண்ணே, வாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். "அப்ப கட்டத்துல என்ன எழுதறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. யோசித்துவிட்டு அவரே ஒரு பதில் கண்டுபிடித்தார். மூன்றாவது கட்டத்தில் 'படம்' என்று எழுதினார். கீழே கீழே மேற்படி மேற்படி என்று இரண்டு கோடு போட்டுக்கொண்டே போனார்.

நேரத்தை மாற்றினோம். காலை 11 முதல் மாலை 7 என்றிருந்ததை காலை 10 முதல் 12, மாலை 4 முதல் 9 என்றாக்கினோம். நடுப்பகலில் வருகிறவர்கள் இல்லை, ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சாயங்காலக் கடற்காற்று வந்த பிறகுதான் மயிலாப்பூரே வெளியே வருகிறது. இதைத் தெரிந்துகொள்ள ஆய்வு எதுவும் தேவையில்லை. ஆனால் அழைப்பிதழ் அடிக்கும்போது எல்லோரும் பழைய அழைப்பிதழைப் பார்த்து நேரம் போடுகிறோம்.

பேனரில் ஆங்கிலத்தில் 'குரூப் ஷோ' என்றிருந்தது. தமிழில் 'கண்காட்சி' என்று போடலாம் என்று முதலில் நினைத்தோம். நல்லவேளை, போடவில்லை. இந்த ஊரில் கண்காட்சி என்ற சொல்லைத் தனியாக யாரும் படிப்பதில்லை. 'கண்காட்சி மற்றும் விற்பனை' என்றே கண் படித்துவிடும், அடுத்தது தள்ளுபடி எவ்வளவு என்ற கேள்விதான். கடைசியில் வெள்ளைத் துணியில் கையால் எழுதினோம்: 'ஓவியம், சிற்பம். சும்மா வந்து பாருங்க.'

படங்களுக்கு அருகே ஒட்டிய குறிப்புகளில்தான் அதிக நேரம் போனது, அதிகச் சண்டையும் வந்தது. முதலில் எல்லாம் ஆங்கிலம். தலைப்பு, பொருள், அளவு, வருடம். தமிழாக்கப் போனால் 'அன்டைட்டில்டு' என்பது 'பெயரிடப்படவில்லை' ஆனது. அரசு மருத்துவமனைத் தொட்டில் அட்டை மாதிரி இருந்தது. 'மிக்ஸ்டு மீடியா' என்பதைக் 'கலப்பு ஊடகம்' என்று ஒருவர் எழுதினார். அதைப் படித்த முதல் ஆள், "டிவியிலேருந்து வந்திருக்காங்களா?" என்று கேட்டார். கிழித்துப் போட்டுவிட்டு, கையில் எடுத்ததை அப்படியே எழுதினோம்: கித்தானில் அக்ரிலிக் வண்ணம், அம்மாவின் பழைய சுங்குடிச் சேலைத் துண்டு, கோந்து. அந்தக் குறிப்பைப் படித்துவிட்டு ஒவ்வொருவரும் சேலைத் துண்டு எங்கே என்று படத்துக்குள் தேட ஆரம்பித்தார்கள். அதற்கு முன் நாலு நொடியில் கடந்து போன படம் அது. தேடுகிற கண் மற்றதையும் பார்த்துவிடுகிறது.

அச்சுப் படங்களின் கீழே பென்சிலில் 3/10 என்றிருக்கும். மரப்பலகையில் செதுக்கி, மை தடவி, கையால் பத்துப் பிரதி எடுத்ததில் மூன்றாவது என்று பொருள். எடுத்தவரே கையெழுத்தும் போடுவார், எல்லாமே அசல்தான். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "பத்துக்கு மூணுதானா?" என்று வருத்தப்பட்டான். பரீட்சைக் காலம். அன்றிலிருந்து அங்கே ஒரு குட்டி விளக்கம் ஒட்டினோம், அச்சடித்த மரப்பலகையையும் பக்கத்தில் வைத்தோம். தொட்டுப் பார்க்கலாம் என்று எழுதியிருந்ததால் மற்றதையும் தொட்டார்கள். சுடுமண் சிற்பம் ஒன்றின் விரல் நுனி போனது.

அறுபத்துமூவர்

ஐந்தாம் நாள் தேர். காலையில் வடம் பிடித்துவிட்டுத் திரும்பியவர்கள் கொஞ்சம் பேர் எட்டிப் பார்த்தார்கள். ஆறாம் நாள் அறுபத்துமூவர். பிற்பகலில் கபாலீசுவரர் புறப்பட, அறுபத்துமூன்று நாயன்மார்களும் சிறு பல்லக்குகளில் சூழ்ந்து வருவார்கள். மயிலையே தெருவில் நிற்கும். வீட்டுக்கு வீடு தண்ணீர், மோர், சுண்டல் கொடுப்பது வழக்கம்.

எங்கள் ஓவியர் ஒருவரின் அம்மாதான் ஆரம்பித்தார். "ஊரெல்லாம் பந்தல் போட்டிருக்கு, நீங்க மட்டும் படத்தக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்களே" என்றார். இரண்டு பானை நீர்மோர் வந்தது. கொத்தமல்லி, இஞ்சி, கொஞ்சம் தாராளமாகவே பச்சை மிளகாய். பானையைத் திண்ணையில் வைத்தோம். நிற்க வைத்தால் ஆடியது. பெரியவர் தன் நோட்டை மடித்துப் பானைக்கு அண்டை கொடுத்தார். அத்துடன் அந்தப் பதிவேட்டின் கதை முடிந்தது.

மோர் குடிக்கத் திண்ணையில் ஏறியவர்களுக்குக் கூடம் தெரிந்தது. கூடத்தில் மின்விசிறி தெரிந்தது. கையில் டம்ளரோடு உள்ளே வந்தார்கள். பூக்காரம்மா, பந்தோபஸ்துக்கு வந்த பெண் காவலர்கள், வெளியூரிலிருந்து வந்த பஜனைக் குழு, குழந்தைக்குப் பால் கொடுக்க இடம் தேடிய ஒரு தாய். அவருக்கு உள்ளறையை ஒதுக்கினோம். ஒன்றிரண்டு பேர் சிற்பத்துக்கு முன் விபூதி இருக்கிறதா என்று தேடினார்கள். குமிழ் அச்சு விழுந்த நீல வானத்தைப் பார்த்து ஒரு பாட்டி, "மழை விழுந்த தண்ணி மாதிரி இருக்கு" என்றார். வரைந்தவர் அதற்குப் பிறகுதான் அந்தப் படத்தைத் திரும்பிப் பார்க்கவே ஆரம்பித்தார். எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். எங்கள் வருகைப் பதிவேட்டிலும் ஏழு மணிக்கு மேல் பேனா இல்லை.

இங்கே ஒரு சந்தேகத்தை நானே கிளப்ப வேண்டும். கூட்டம் வந்தது கதவைத் திறந்ததாலா, அறுபத்துமூவரால்தானா? ஆறாம் நாளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அன்றைக்கு அந்தச் சந்தில் எந்தக் கடை வைத்திருந்தாலும் கூட்டம்தான். நான் நம்புவது மூன்றாம் நாளையும் ஏழாம் நாளையும். மூன்றாம் நாள் தெருவில் சனம் இருந்தது, உள்ளே வரவில்லை. ஏழாம் நாள் தெரு ஓரளவு காலி. ஆனாலும் பதிவேட்டில் 52 கையெழுத்து, அதில் எங்களுடையது ஒன்றும் இல்லை. சார்ட் உருளைப் பெண்களில் ஒருத்தி, தன் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

கணக்கு

விற்றது இரண்டு. ஒரு மர அச்சுப் படம், ஒரு சுடுமண் தலை. அச்சுப் படத்தை வாங்கியவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா. மூன்று முறை வந்து பார்த்தார், மூன்றாம் முறை பையில் காசோலைப் புத்தகம் இருந்தது. தலை, எங்களில் ஒருவரின் மாமா வாங்கியது. அதை விற்பனையில் சேர்ப்பதா என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு இருக்கிறது. விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டினோம். திருஷ்டிக்கா என்று கேட்டார்கள்.

அறுபத்துமூவர் அன்று வந்தவர்களில் ஒருவரும் எதையும் வாங்கவில்லை. வாங்குகிறவர்கள் சாலை அடைப்பால் அந்தப் பக்கமே வரவில்லை. கேலரியில் வைத்திருந்தால் விற்ற தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை கழிவு போயிருக்கும், ஆனால் கேலரிக்காரர் வாங்கத் தெரிந்த நாலு பேரையாவது கூட்டி வந்திருப்பார். எங்களிடம் அந்த நாலு பேர் இல்லை. வாடகை, வண்டி, விளக்கு, சட்டம் எல்லாம் ஆறாகப் பிரித்ததில் எல்லோருக்கும் கைநஷ்டம். விற்பனைதான் நோக்கம் என்றால் இந்த மாதத்தையும் இந்த இடத்தையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். கூட்டத்தையும் வாங்குகிறவரையும் ஒரே வாசல் வழியாக வரவைக்க எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த முறை மாலையில் பொதுமக்களுக்கும், ஞாயிறு காலையில் முன்கூட்டிச் சொல்லி வருகிறவர்களுக்கும் என்று பிரித்துப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை இருக்கிறது.

சரி செய்யாமல் விட்டவையும் உண்டு. திண்ணைக்கு மூன்று படி. சக்கர நாற்காலியில் வந்த ஒருவரை நான்கு பேர் தூக்கினோம், அவர் அதை விரும்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. சாய்வுப் பலகை ஒன்றுக்கு ஆகிற செலவு பஜ்ஜிச் செலவைவிடக் குறைவாக இருந்திருக்கும். விலைப்பட்டியலை மேசையில் கவிழ்த்தே வைத்திருந்தோம், அதைத் திருப்பிப் பார்க்கக் கூச்சப்பட்டே பலர் போயிருப்பார்கள்.

எட்டாம் நாள் காலை இறக்கினோம். இந்த முறை கிளாசின் தாள், காலை ஆறு மணி வண்டி. கேட்டின் கயிற்றை அவிழ்த்து, கிரில்லைப் பூட்டி, சாவியைக் கொடுத்தோம். பத்து நாள் கழித்து முன்பணம் திரும்பி வந்தது, ஒரு சிறு தொகை பிடித்தது போக. கூடவே வந்த ரசீதில், 'சிவப்புத் தரை, மோர்க் கறை' என்று எழுதியிருந்தது.